பதம் பார்க்கத் தெரிந்த போலீஸ்காரர்

மதிய நேரம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசைகூடக் காலி இல்லை. சமையற்கட்டில், அடுப்புக்கு முன்னால், வெள்ளை மேலங்கி அணிந்த ஒரு பருத்த மனிதர் நிற்கிறார். அவ்வளவு பெரிய உடம்பு. ஆனால் கரண்டியைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்த்தால் வீணை வாசிப்பவரின் விரல்கள் போல அத்தனை மென்மை. குழம்பில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விடுகிறார். கண் மூடுகிறது. முகம் மலர்கிறது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடிக்கிறது. காவல்துறை மேலிடத்து அழைப்பு. அந்த முகத்தில் பூத்திருந்த வெளிச்சம் மெல்ல வடிவதைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்துக்காகவே 40 எபிசோடுகளையும் பார்த்து முடித்தேன். முடித்த மறுநாளே முதலிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டேன்.

தொடரின் பெயர் 'பை இன் த ஸ்கை'. அந்த மனிதர் ஹென்றி க்ராப். அவராக நடித்தவர் ரிச்சர்ட் க்ரிஃபித்ஸ். இந்த மூன்று பெயர்களையும் கேள்விப்படாமலே இத்தனை வருடங்களைக் கழித்திருக்கிறேன் என்று நினைக்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. லண்டனுக்குப் பக்கத்தில் வாட்ஃபர்டில் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். குளிரில் வெளியே தலைகாட்ட முடியாத ஒரு சனிக்கிழமை. அக்கா ஒரு டிவிடி பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இதைப் பாருடி. உனக்குன்னே எடுத்த மாதிரி இருக்கும்" என்றாள். அன்று இரவு ஒன்றரை மணிக்கு அவளே வந்து டிவியை அணைக்க வேண்டியிருந்தது.

பிபிசி ஒன் அலைவரிசையில் 1994 மார்ச் 13 அன்று முதல் எபிசோடு ஒளிபரப்பானது. ஐந்து சீசன்கள் ஓடி 1997 ஆகஸ்டில் முடிந்தது. உருவாக்கியவர் ஆண்ட்ரூ பெய்ன். 'பை' என்பது மாவுக்கூட்டுக்குள் இறைச்சியையோ பழத்தையோ பொதிந்து, சூளை அடுப்பில் வேகவைக்கும் பண்டம். வானத்தில் தொங்கும் பை என்றால் கைக்கு எட்டாத கனவு. நாம் ஆகாயக்கோட்டை என்போமே, அது. 1911-இல் ஜோ ஹில் என்ற அமெரிக்கத் தொழிற்சங்கப் பாடகர் எழுதிய பாட்டிலிருந்து அந்தச் சொல் வழக்குக்கு வந்தது. இப்போது உழைத்துச் சா, செத்த பிறகு சொர்க்கத்தில் விருந்து உண்டு என்று ஏழைகளுக்குச் சொல்லப்படும் ஆறுதலைக் கேலி செய்த பாட்டு அது. ஹென்றி க்ராப் அந்தப் பெயரையே தன் உணவகத்துக்கு வைக்கிறார். எட்டாது என்று ஊர் சொன்னதை எட்டிப் பிடித்துக் காட்டிய மனிதர் வைத்த பெயர். எவ்வளவு அழகு!

கதை இதுதான். வெஸ்டர்ஷயர் என்ற கற்பனை மாவட்டம், மிடில்டன் என்ற கற்பனை ஊர். ஹென்றி அங்கே காவல்துறையில் டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தாகிவிட்டது. ஓய்வு பெற்று ஒரு உணவகம் நடத்த வேண்டும் என்பது மட்டுமே அவருடைய ஆசை. ஆனால் கடைசியாகக் கையில் எடுத்த வழக்கு சொதப்பிவிடுகிறது. காலில் துப்பாக்கிக் குண்டு பாய்கிறது, குற்றவாளி தப்பிக்கிறான், ஹென்றி லஞ்சம் வாங்கினார் என்ற பொய்ப் பழியும் வந்து சேர்கிறது. அவருடைய மேலதிகாரி அசிஸ்டென்ட் சீஃப் கான்ஸ்டபிள் ஃப்ரெடி ஃபிஷர் அந்த விசாரணைக் கோப்பை மூடாமல் கையிலேயே வைத்துக்கொள்கிறார். உணவகம் நடத்திக்கொள், ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு காலை சமையற்கட்டிலும் மறு காலைக் காவல் நிலையத்திலும் வைத்துக்கொண்டு அந்தக் கனத்த மனிதர் படும் பாடுதான் நாற்பது எபிசோடுகளும்.

அவரை எல்லோரும் குறைத்து மதிக்கிறார்கள். மற்ற அதிகாரிகளுக்கு அவர் ஓய்வு பெறத் துடிக்கும் பழைய ஆள். சந்தேகத்துக்குரியவர்களுக்கு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறும் குண்டு மனிதர். விசாரணைக்குப் போன இடத்தில் தோட்டத்தில் விளைந்திருக்கும் கீரையையும் காயையும் பார்த்து நின்றுவிடுகிறார், சமையலறையில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடிக்கிறார். இவரா நம்மைப் பிடிக்கப்போகிறார் என்று எதிரே இருப்பவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறார். அப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததும் பேச்சு தளர்கிறது. தளர்ந்த பேச்சில் உண்மை எங்கேயாவது ஓர் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. ஹென்றிக்கு அது போதும்.

இந்தத் தொடர் என்னை ஆட்கொண்டதற்குக் காரணம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: பதம். என் அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவாள், இரு விரலால் உருட்டுவாள், "இப்போ இறக்கு" என்பாள். பாகு அவளோடு பேசும், அவளுக்கு அது கேட்கும். ஹென்றி க்ராப் துப்பறிவதும் அப்படியே. ஓடுவதில்லை, துரத்துவதில்லை, மேசையைத் தட்டிக் கத்துவதில்லை. ஒரு மனிதரின் முன்னால் உட்காருகிறார், பார்க்கிறார், காத்திருக்கிறார். எதிராளி எப்போது கொதிக்கிறார், எப்போது அடங்குகிறார், எந்த இடத்தில் தீயைக் குறைத்தால் உண்மை மேலே மிதந்து வரும் என்று அவருக்குத் தெரிகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதை, கையில் தொப்பியோடு வாசலில் நிற்கும் ஒரு ஆங்கிலேயப் போலீஸ்காரர் நடித்துக்காட்டுவதுபோல எனக்குத் தோன்றியது. நல்ல சமையல்காரராக இருப்பதால்தான் அவர் நல்ல துப்பறிவாளராகவும் இருக்கிறார். அவருடைய மேலதிகாரிகளுக்குக் கடைசிவரை புரியாத விஷயம் இது. இரண்டும் வேறு வேறு வேலை என்றே நினைக்கிறார்கள்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிவியில் துப்பறிவாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1987-இலிருந்து 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்', 1991-இல் 'ப்ரைம் சஸ்பெக்ட்', 1992-இல் 'எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்', 1993-இல் 'க்ராக்கர்' என்று வரிசையாக வந்தன. எல்லாமே நான் தலைவணங்கும் படைப்புகள். ஆனால் அவற்றின் நாயகர்கள் பெரும்பாலும் வேலையில் கரைந்துபோனவர்கள். வீடு என்று திரும்பினால் காத்திருப்பது தனிமையும் குடியும் முறிந்த உறவுகளும்தான். ஹென்றிக்கு வேலையை விட்டு ஓட வேண்டும். வீட்டில் காதல் இருக்கிறது, அடுப்பில் பை இருக்கிறது, முட்டையிடும் கோழிகள் இருக்கின்றன. மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்த ஒரு துப்பறிவாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பதவி உயர்வு வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். மாவு நன்றாகப் பொரிந்து எழும்ப வேண்டும், அவ்வளவுதான். பதவி ஆசையே இல்லாத ஆளை எதைக் காட்டி வளைப்பது? அதனால்தான் அவர் நேர்மை அவ்வளவு இயல்பாக இருக்கிறது, ஒரு தடவைகூடப் பிரசங்கமாக மாறுவதில்லை.

ஃபிஷராக நடித்த மால்கம் சின்க்ளேரைப் பற்றிச் சொல்லாமல் எப்படி நகர்வது? மடிப்புக் கலையாத உடுப்பு, படிய வாரிய தலை, மேலே இருப்பவர்களிடம் குழைவு, கீழே இருப்பவர்களிடம் விறைப்பு. வரவு செலவுக் கணக்கும் பத்திரிகைச் செய்தியும்தான் அவருடைய உலகம். வழக்கு துலங்கினால் பெயர் ஃபிஷருக்கு, சறுக்கினால் பழி ஹென்றிக்கு. ஆனாலும் அவரை வெறுக்க முடியவில்லை. உள்ளுக்குள் அவருக்கு நன்றாகத் தெரியும், தன்னிடம் இருப்பவர்களிலேயே மூளைக்காரர் இந்தச் சமையல்காரர்தான் என்று. அதனால்தானே விடமாட்டேன் என்கிறார்! ஒருவரை வெளியே மட்டம் தட்டிக்கொண்டே உள்ளே அவரையே நம்பி வாழும் மேலதிகாரியை அலுவலகம் போன எல்லோரும் பார்த்திருப்போம். அந்த முரணை ஒரு புருவ அசைவில், ஒரு போலிப் புன்னகையில் சின்க்ளேர் கொண்டுவந்துவிடுகிறார். ஹென்றியும் ஃபிஷரும் எதிரெதிரே உட்காரும் ஒவ்வொரு காட்சியையும் நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மார்கரெட். ஹென்றியின் மனைவி, கணக்காளர். மேகி ஸ்டீட் நடித்திருக்கிறார். உணவகத்தின் பணப்பெட்டி இந்த அம்மாள் கையில். சாப்பாட்டைக் கடவுளாகக் கும்பிடும் மனிதருக்கு வாய்த்த மனைவிக்குச் சாப்பாட்டில் துளி ருசியும் கிடையாது. பசித்தால் எதையோ தின்பார், அவ்வளவுதான். வெண்ணெய் எவ்வளவு நல்லது என்று ஹென்றி உருகும்போது மார்கரெட் வெண்ணெயின் விலையைப் பார்ப்பார். இன்னொரு தொடராக இருந்தால் இதைச் சண்டையாக்கி எபிசோடுகளை ஓட்டியிருப்பார்கள். இங்கே அது அன்பாகவே இருக்கிறது. கணவரின் பித்து தனக்குப் புரியாவிட்டாலும் அந்தப் பித்துக்கு வாடகை கட்டி, மின்கட்டணம் கட்டி, நிமிர்ந்து நிற்க வைக்கும் பெண். நடுத்தர வயதுத் தம்பதியின் நேசத்தை இவ்வளவு கண்ணியமாக, இவ்வளவு சிரிக்கச் சிரிக்கத் திரையில் பார்த்து எனக்கு நெடுநாளாயிற்று.

சமையற்கட்டே ஒரு குடும்பம். ஜோ டட்டின் நடித்த ஸ்டீவ் டர்னர் சிறையிலிருந்து வந்த இளைஞன். அங்கேதான் சமையலில் அவனுக்குக் கை திருந்தியது. ஒரு போலீஸ்காரர் தன் உயிரான சமையற்கட்டைச் சிறை மீண்டவன் கையில் நம்பி ஒப்படைத்துவிட்டு வெளியே போகிறார். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே ஹென்றியின் மனசு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஊர் ஒருவனை என்ன மதிப்புப் போட்டு வைத்திருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை, வெங்காயத்தை எப்படி வதக்குகிறான் என்று பார்க்கிறார். குறைத்து மதிக்கப்பட்டவருக்குத்தான் குறைத்து மதிக்கப்பட்ட இன்னொருவரைக் கண்டெடுக்கத் தெரியும்போல. காய்கறி வளர்த்துக் கொண்டுவரும் ஹெண்டர்சனின் பொருளை ஹென்றி கையில் வாங்கிப் பார்க்கும் பக்தி ஒன்று போதும். வீட்டுக் கோழிகளுக்கு இசை கேட்கவைக்கிறார், மனம் நிறைந்த கோழி இடும் முட்டைதான் நல்ல முட்டை என்று நம்புகிறார். காவல்துறைப் பக்கம் பெல்லா எனஹோரோ நடித்த சார்ஜென்ட் கேம்ப்ரிட்ஜ். முன்னேறத் துடிக்கும் கூர்மையான பெண். ஃபிஷரின் உத்தரவுக்கும் ஹென்றியின் நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இந்தப் பருத்த மனிதரின் நிதானத்திலிருந்து தொழிலைக் கற்றுக்கொள்கிறார்.

தொடர் வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயச் சாப்பாடு என்றாலே உப்புச்சப்பில்லாதது என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலம். தங்கள் பழைய பண்டங்களை மீட்டெடுக்க வேண்டும் என்ற வேகம் அங்கே அப்போது எழுந்திருந்தது. கேரி ரோட்ஸ் என்ற சமையல் கலைஞர் அதே 1994-இல் பிபிசியில் நாடு சுற்றிச் சமைத்துக்காட்டினார். 1996 மார்ச்சில் மாட்டுப் பித்து நோய்க்கும் மனிதர்களைத் தாக்கும் மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசே அறிவித்தது. பிரிட்டிஷ் மாட்டிறைச்சியை ஐரோப்பா தடை செய்தது. ஒரு நாடு தன் தட்டைப் பார்த்தே பயந்த வருடங்கள் அவை. அந்த வருடங்களில்தான், மாட்டிறைச்சியும் கிட்னியும் பொதிந்த பையைத் தன் பெருமையாகக் கருதும் ஒருவர் வாராவாரம் திரையில் வந்தார். நல்ல பொருளை வாங்கு, வளர்த்தவனைத் தெரிந்துகொள், பொறுமையாகச் சமை என்று வாழ்ந்துகாட்டினார்.

இனி ரிச்சர்ட் க்ரிஃபித்ஸ். ஹாரி பாட்டர் படங்களில் அந்தச் சிடுசிடு வெர்னன் மாமா இவர்தான் என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் தோர்னபியில் 1947-இல் பிறந்தவர். பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். சைகை மொழியில்தான் அவர்களோடு பேசி வளர்ந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தொடரை மறுபடி பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. எதிரே இருப்பவரின் கையையும் கண்ணையும் உதட்டையும் ஹென்றி அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பாரே, அந்தப் பார்வை பள்ளியில் கற்றுக்கொண்டதா என்ன? சொல் இல்லாமல் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளையின் பார்வை அது என்றே நான் நம்புகிறேன். பின்னாளில் 'த ஹிஸ்டரி பாய்ஸ்' நாடகத்தில் ஆசிரியராக நடித்து, 2006-இல் டோனி விருது வாங்கினார். 2013 மார்ச்சில், 65 வயதில் காலமானார். அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கும் அந்தச் சிடுமூஞ்சி மாமாதான் நினைவுக்கு வருகிறார். எனக்கு இனி எப்போதும் ஹென்றி க்ராப்தான். உடம்பைக் காட்டிச் சிரிக்கவைக்கும் மலிவான வழி அவருக்குத் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கமே போகாமல், அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஒரு மெல்லிய, நாணம் நிறைந்த ஆன்மாவை நடமாடவிட்டார்.

மூன்றாவது வாரம் நான் அடம்பிடித்துவிட்டேன். உணவகத்தின் வெளிப்புறக் காட்சிகளை எடுத்த ஊர் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட். வாட்ஃபர்ட் ஜங்ஷனில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். அது போருக்குப் பின் புதுநகரமாக வளர்ந்த ஊர். அரசு அதற்கு அந்தத் தகுதி கொடுத்ததும், க்ரிஃபித்ஸ் பிறந்த அதே 1947-இல்தான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து தள்ளி, மேட்டுச் சரிவில் பழைய ஹை ஸ்ட்ரீட் அப்படியே இருக்கிறது. முன்பின்னாக ஒட்டி நிற்கும் பழங்காலக் கட்டடங்கள், சின்னச் சின்ன ஜன்னல்கள், பின்னால் நார்மன் காலத்து செயின்ட் மேரி தேவாலயத்தின் ஒல்லியான நெட்டைக் கோபுரம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று பார்த்தேன். இந்தக் கல்லில்தான் அவர் நடந்திருப்பார், இந்தத் திருப்பத்தில்தான் காரை நிறுத்தியிருப்பார் என்று மனம் துள்ளியது. குடை பிடித்தபடி பின்னால் வந்த அக்கா, "கோயிலைச் சுத்துற மாதிரி சுத்துறியேடி" என்றாள். ஆமாம், எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அக்கா வீட்டு அடுப்பில் நானே பை செய்தேன். மாட்டிறைச்சிக்குப் பதில் ஆட்டிறைச்சி. கிட்னியின் நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பை ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்தேன். இறைச்சியை மாவில் புரட்டிச் சிவக்க வறுத்து, வெங்காயத்தோடு எலும்புச் சாறு விட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம். அதை முழுக்க ஆறவைத்த பிறகுதான் மேலே மாவுத்தட்டால் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் வெண்ணெய் உருகி மாவு தொய்ந்துவிடும். நடுவில் ஆவி வெளியேற ஒரு சின்னத் துளை. இந்தக் காத்திருப்பில்தான் ஹென்றி எனக்கு முழுசாகப் புரிந்தார். அவசரப்படுத்தினால் மூடியும் கெடும், உள்ளே இருப்பதும் கெடும். மனிதர்களும் அப்படித்தான், உண்மையும் அப்படித்தான்.

பொன்னிறமாக வந்ததை வெட்டி அக்காவின் தட்டில் வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடினாள். அந்த முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பது எபிசோடுகளில் நான் பார்த்த அதே மலர்ச்சி. அப்போது மேசைமேல் இருந்த அவளுடைய செல்போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவது வாயை எடுத்தாள்.